கோமாளிக்கு எவ்வளவு வாய்

நாவலப்பிட்டியிலிருந்து அட்டனுக்கு ஏறும் கோச்சி, வட்டவளையைத் தாண்டி, அட்டனுக்கு முன்னால் கடைசியாக நிற்கிற சின்ன நிலையம் றொசல்ல. நானுஓயாவையும் எல்லவையும் படம் எடுக்கக் காத்திருக்கும் பயணிகள் இதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிகிற இரவில் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் நின்றால், ஒரு மலையில் அடிக்கிற தப்பு அடுத்த மலையில் கேட்கும். காமன் ஊன்றுகிறார்கள். அன்றிலிருந்து பௌர்ணமியை ஒட்டிக் காமன் எரிகிற நாள்வரை, பகலில் கொழுந்து மலைக்கும் கவ்வாத்துக்கும் ஸ்டோர் வேலைக்கும் போனவர்கள் இரவில் ரதியாகவும் மன்மதனாகவும் வீரபத்திரனாகவும் எமனாகவும் மாறிவிடுவார்கள்.

காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்றும்தான் இலங்கை மலையகத்தின் பெருங்கூத்துகள். ஆய்வாளர்கள் இவற்றைச் சடங்கு என்று வகைப்படுத்துகிறார்கள். விரதமும் நேர்த்தியும் அருள் வருதலும் இருப்பதால் அதில் பிழையில்லை. ஆனால் ஆடுகிறவரைக் கேட்டால், சின்ன வயதிலிருந்தே இதில் ஆசை என்பார். கூலி இல்லை, பட்டம் இல்லை, பனிக்குளிரில் விடிய விடிய ஆடிவிட்டுக் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓட வேண்டும். ஆகவே இதை ஆசைக்காகக் கூடுகிறவர்களின் செட்டு என்றும் பார்க்கலாம். அப்படிக் கூடுகிற எந்தச் செட்டுக்கும் ஒரு தலைவலி உண்டு. சதுரங்கக் கழகமாக இருக்கட்டும், பழைய பாட்டு ரசிகர் கூட்டமாக இருக்கட்டும், இன்றைய வாட்ஸ்அப் குழுவாக இருக்கட்டும், யார் எவ்வளவு பேசலாம், அளவு மீறினால் யார் நிறுத்துவது என்பதே அந்தத் தலைவலி. போன் வந்த பிறகு முளைத்த பிரச்சினை என்று இதைப் பேசுகிறவர்கள், கூத்து ஆடுகிற காமன் பொட்டலை ஒருமுறை பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கூத்துச் செட்டிடம் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. நல்ல ஏற்பாடு என்று முழுதாகச் சொல்லமாட்டேன். அதில் ஊறிப்போன அழுகலும் உண்டு. ஆனால் அது எப்படி வேலை செய்தது என்று பார்ப்பது பயன் தரும்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தவத்தில் இருக்கும் சிவனைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள். ரதி கெட்ட கனவு கண்டு போகாதே என்கிறாள். இருவருக்கும் தர்க்கம் நடக்கிறது. அவன் கேட்காமல் போகிறான், நெற்றிக்கண்ணில் எரிகிறான். ரதி ஒப்பாரி வைக்கிறாள். கடைசியில் அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிறவனாக உயிர் பெறுகிறான். ஆமணக்கும் கரும்பும் சேர்த்து நட்ட காமனைச் சுற்றியும், தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போயும் இது ஆடப்படும். ரதிக்கு வேடம் கட்டுவது ஆண். கூத்து வாத்தியாரிடம் ஒரு கொப்பி இருக்கும், பாட்டுகள் அதில் இருக்கும். கோமாளியின் பேச்சு மட்டும் அதில் இருக்காது. அது அன்றைக்கு அந்த இடத்தில் வாயில் வருவது.

சுதந்திரம் என்று நாம் பேசப்போவது அந்த எழுதப்படாத பகுதியைப் பற்றித்தான்.

கோமாளி எப்படி வருவான் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கிழிந்த கோட்டு, யாரோ தோட்டத்துரை விட்டுப்போன மாதிரி ஒரு தொப்பி, கையில் கம்பு. வந்ததும் தப்படிப்பவர்களை வரிசையில் நிற்கச் சொல்லிப் பேர் கூப்பிடுவான். பிந்தி வந்தவனுக்கு அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் என்பான். பிறகு கம்பைத் தராசாகப் பிடித்துக் கொழுந்து நிறுப்பான். ஈரத்துக்கு, கூடைக்கு என்று நிறையிலிருந்து கழிப்பது தோட்டத்தில் ஒரு நாளும் தீராத வழக்கு. நான் கேட்டதில் மறக்க முடியாத ஒரு பகடி அதில்தான் பிறந்தது. மன்மதன் எரிந்துபோய் ரதி தலைவிரித்து அழுகிறாள். கோமாளி போய் அவள் முன்னால் தராசைப் பிடித்து, "அழுகை பதினெட்டுக் கிலோ. ஈரமாக இருக்கு, தண்ணிக்கு நாலு கழிச்சுப் பதினாலுதான் எழுதுவேன்" என்றான். ரதியாக ஆடியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கூட்டத்தில் கணக்கப்பிள்ளையும் இருந்தார். அவர் சிரித்தாரா இல்லையா என்பதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

அதே வார்த்தையைக் காலையில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் சொன்னால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு நம்மிடம் வரலாறு இருக்கிறது. அன்று தோட்டம் என்பது தனியார் நிலம். லயத்துக்குப் போகிற பாதையும் தோட்டத்துக்கே சொந்தம். வெளியார் அனுமதியில்லாமல் வந்தால் அத்துமீறல் வழக்கு. கோ. நடேசய்யர் முதன்முதலாகத் தோட்டங்களுக்குள் நுழைந்தது புடவை வியாபாரி வேடத்தில் என்று அவரது வரலாற்றை எழுதிய சாரல் நாடன் பதிவு செய்திருக்கிறார். பிற்பாடு சட்டசபைக்குப் போய், 'தேசபக்தன்' நடத்தி, 1931இல் அட்டனைத் தளமாக வைத்துத் தொழிற்சங்கம் அமைத்த மனிதருக்கே உள்ளே போக வேடம் தேவைப்பட்டது. அவருடைய மனைவி மீனாட்சியம்மை கூட்டங்களில் பேச்சைவிடப் பாட்டை அதிகம் நம்பினார். 1940இல் அவரது பாடல்கள் சிறு நூலாக வந்தன. மக்களுக்குத் தெரிந்த மெட்டில் மக்கள் குறையை ஏற்றுவது அவர் வழி. அது கூத்தாடிகளுக்கு எப்போதோ பழகிய வித்தை.

வெள்ளைக்காரருக்கும் இதே கதிதான் என்பதை 1937 காட்டியது. மடுல்கல பக்கத்துத் தோட்டமொன்றில் சின்னத்துரையாகப் பழக வந்த அவுஸ்திரேலிய இளைஞர் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில், தொழிலாளர் பக்கம் சாய்ந்து வேலை இழந்து, சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். ஏப்ரல் 3ஆம் தேதி நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில் துரைமாரைச் சாடிப் பேசினார். அந்த மாதம் முடியுமுன்னே ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த ஆணையிட்டார். அவர் தலைமறைவானார், பிறகு காலிமுகத்திடல் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் தோன்றினார், கைதானார். உயர் நீதிமன்றம் ஆளுநரின் ஆணை செல்லாது என்றது. துரை வீட்டுப் பிள்ளைக்கு நீதிமன்றம்வரை போக வழி இருந்தது. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டப் போராட்டத்தில் பொலிஸ் சூட்டுக்குப் பலியான தொழிலாளி கோவிந்தனுக்கு அந்த வழி இல்லை. வாய் திறந்ததற்கு வேலைநீக்கச் சீட்டு கொடுத்து அனுப்பப்பட்டவர்களின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்தப் பின்னணியில் மாசி மாதத்துக் கோமாளி துரையின் தொப்பியைப் போட்டுக்கொண்டு பேர் கூப்பிட்டான். துரைமார் ஏன் விட்டார்கள்? மானிடவியலில் இதற்கு ஒரு பழைய பதில் உண்டு. தென்கிழக்கு ஆபிரிக்கச் சடங்குகளைப் பற்றி மேக்ஸ் குளுக்மன் 1954இல் வெளியான உரையில், சடங்கில் நடக்கும் கலகம் உண்மையான ஒழுங்கை அசைப்பதில்லை, மாறாகப் பலப்படுத்துகிறது என்றார். வருஷத்தில் சில நாள் திட்டவிட்டால் மற்ற நாள் அடங்கிக் கிடப்பார்கள் என்பது அதன் சாரம். 1990இல் ஜேம்ஸ் ஸ்காட் இதை மறுத்தார். அந்தச் சில நாளை மேலே இருப்பவர்கள் இரக்கப்பட்டுக் கொடுக்கவில்லை, கீழே இருப்பவர்கள் பிடுங்கி வைத்திருக்கிறார்கள், அங்கே பழகிய பேச்சு மற்ற நாட்களிலும் ஒட்டிக்கொள்கிறது என்பது அவர் கட்சி. மலையகத்தைப் பொறுத்தவரை எனக்கு ஸ்காட் பக்கம்தான் சாய்வு. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டுப் பாடல்களைப் புரட்டினால் வேலை வாங்கும் கங்காணியைக் குத்துகிற வரிகள் திருவிழாவுக்கு மட்டும் என்று ஒதுங்கி இருக்கவில்லை. கொழுந்து பறிக்கும்போதும் தாலாட்டும்போதும் அதே குத்தல் வருகிறது.

அரசாங்கங்களும் மேடைப் பேச்சுக்குப் பயந்தன. பிரிட்டிஷ் இந்தியாவில் 1876இல் நாடகச் சட்டம் வந்தது. இலங்கையில் பொது ஆற்றுகைகளுக்கான கட்டளைச் சட்டம் 1912இல் வந்தது. சென்னையில் 1954இல் வந்த நாடகச் சட்டத்துக்கு நடிகர் எம். ஆர். ராதாவின் வாய் ஒரு முக்கியக் காரணம். 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. இந்தச் சட்டங்கள் எல்லாம் கேட்டது ஒன்றை: நாடகப் பிரதியை முன்கூட்டியே காட்டு. காமன் கூத்துக் கோமாளியிடம் காட்டப் பிரதி கிடையாது. ராதாவுக்கும் அதே சௌகரியம் இருந்தது, பிரதியில் ஒன்றிருக்க மேடையில் வேறொன்று பேசுவார். ஆகவே வெளியிலிருந்து கட்டுப்படுத்துவது கடினம். உள்ளே இருந்துதான் முடியும்.

உள்ளே யார்? வாத்தியார். அவர் கையில் இருந்த கருவிகள் என்ன என்று கவனித்தால், படிப்படியான ஒரு வரிசை தெரியும். கோமாளி ஒரு வீட்டு விஷயத்தை இழுக்கத் தொடங்கினால் முதலில் தப்பு உரக்க அடிக்கும். சொல் கேட்காது. கோமாளிக்குப் புரிந்துவிடும், கூட்டத்துக்கும் புரிந்துவிடும், யாருக்கும் மானம் போகாது. அதற்கும் அடங்காவிட்டால் வாத்தியார் அடுத்த பாட்டை எடுத்துவிடுவார். ஆட்டக்காரர்கள் உள்ளே வந்துவிட்டால் கோமாளி ஒதுங்கித்தான் ஆக வேண்டும். மறுநாளும் அதே போக்கு என்றால் அவனுக்குக் கிடைக்கிற நேரம் சுருங்கும். சண்டை பெரிதானால் கோயில் முன்னால் பெரியவர்கள் வைத்துப் பேசிக் கற்பூரம் கொளுத்தி முடிப்பார்கள். செட்டிலிருந்து ஒரேயடியாக விலக்குவது கடைசி, அதுவும் அபூர்வம்.

எலினோர் ஒஸ்ட்ரம் 1990இல் எழுதிய பொதுவளம் பற்றிய நூலில், நெடுநாள் நிலைத்த பாசனக் கூட்டங்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் மீன்பிடி ஊர்களிலும் தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறுகிறது என்று காட்டினார். கண்காணிப்பவர் அந்த மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர், விதியை மாற்றுவதில் விதிக்கு உட்பட்டவருக்கும் பங்கு உண்டு, சண்டையைச் செலவில்லாமல் தீர்க்கிற இடம் பக்கத்தில் இருக்கிறது என்பவையும் அவர் கண்டவை. 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் சொன்னதால் அல்ல, தப்பின் ஓசையைக் கேட்டவர்களுக்கு இது உடனே விளங்கும் என்பதால் சொல்கிறேன். பல தோட்டங்களில் கோயில் காரியங்களுக்கு ஒவ்வொருவர் சம்பளத்திலும் காசு பிடிக்கப்படும். காசு கொடுத்தவர் எல்லோருக்கும் பொட்டலில் வாய் உண்டு. வாத்தியாரும் கோமாளியின் குறிக்குத் தப்ப முடியாது. அவர் சுருதி விட்டுப் பாடினால் அன்றிரவே அதற்கு ஒரு பகடி வரும். நிறுத்துகிற அதிகாரம் உள்ளவரே கேலிக்கும் உள்ளானவர் என்பது இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு என்று நினைக்கிறேன்.

விலக்குவது ஏன் அபூர்வம்? பெருந்தன்மையால் அல்ல. விலக்கி எங்கே அனுப்புவது? லயத்தில் ஒரு காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. நடுச்சுவர் பல இடங்களில் கூரையைத் தொடாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் விழிப்பார்கள். செட்டிலிருந்து விரட்டப்பட்டவன் காலையில் பீலித் தண்ணீருக்கு உங்களுக்கு முன்னால் நிற்பான். பிடிக்காவிட்டால் போய்விடலாம், போக முடியாவிட்டால் பேசித்தான் ஆக வேண்டும் என்று பொருளியலாளர் ஆல்பர்ட் ஹேர்ஷ்மன் 1970இல் நிறுவனங்களைப் பற்றிச் சொன்னார். தோட்டத்தில் போவதற்கு வழி இல்லை. ஆகவே திட்டவும் திட்டியவனோடு வாழவும் சேர்ந்தே பழகினார்கள்.

போவதற்கு வழி ஒருமுறை திறந்தது, யாரும் கேட்காத விதத்தில். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேர் கணக்கு பின்னுக்கு. இதே பாதையில் கீழிறங்கிய கோச்சிகளில் வாத்தியார்களும் ரதிகளும் கோமாளிகளும் போனார்கள். நீலகிரியின் கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடி தேயிலைக்குள் இறங்கினார்கள். ஒரு செட்டில் பாதிப் பேரைச் சட்டம் விலக்கிவிட்டால், மிச்சப் பேர் பேச்சை எப்படி நடத்துவது என்ற கேள்வியே வேறாகிவிடுகிறது. கொப்பி ஒரு கரையிலும் அதைப் பாடத் தெரிந்தவர் மறு கரையிலும் என்று ஆன செட்டுகள் உண்டு.

தமிழ்நாட்டில் காமன் பண்டிகை இன்னொரு வழியில் வளர்ந்தது. அங்கே லாவணி வந்து சேர்ந்தது. தஞ்சை மராத்தியரோடு வந்த பாட்டு வகை, டேப்பும் துந்தினாவும் வைத்துப் பாடுவது. காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. கேட்ட கேள்விக்குப் பாட்டிலேயே பதில் வர வேண்டும். புராணத்திலிருந்து சான்று இழுப்பார்கள், சான்று தீர்ந்தால் ஆளையே இழுப்பார்கள். குலம், உருவம், வீட்டு விவகாரம் எல்லாம் வரும். இத்தனை தலைமுறையாகப் பாடியும் காமன் எரிந்தானா என்பது தீர்ந்தபாடில்லை. தீர்ந்துவிட்டால் இரண்டு கட்சிக்கும் அடுத்த மாசியில் வேலை இருக்காது. எரிந்த கட்சிக்காரருக்கு எரியாத கட்சிக்காரர் உயிரோடும் தொண்டையோடும் இருக்க வேண்டும். எதிராளி தேவை என்பதை விதியாக எழுதாமல் ஆட்டத்தின் அமைப்பிலேயே வைத்திருப்பது எனக்குப் பெரிய கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது. எழுதிய விதிகளை நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி அழுகலுக்கு வருகிறேன். இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு ஏதோ பொற்காலம் என்று யாராவது நினைத்தால் அவர் பொட்டலில் எந்தப் பக்கம் நின்றார் என்று கேட்பேன்.

கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். தோட்டத்து வருமானத்தைச் சுமப்பது அவர்கள் முதுகு. கூத்தில் அவர்களுக்கு இடம் கூட்டத்தில்தான். ரதி புலம்புவதை ஆண் புலம்புகிறார். கோமாளி கங்காணியைத் தொட்டால் கணக்கப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும், அதில் ஆபத்து உண்டு. பெண்ணைத் தொட்டால் ஆபத்து இல்லை. ஆகவே பகடியில் பெரும்பங்கு அங்கேதான் இறங்கும். தனியாக வாழ்கிற பெண், புருஷனோடு சண்டை போட்ட பெண், டவுனுக்கு வேலைக்குப் போய் வருகிற பெண். பேர் சொல்ல மாட்டான், சொல்லவும் தேவையில்லை, எந்த லயம் என்று கம்பைக் காட்டினால் போதும். அப்போது தப்பு உரக்க அடிக்குமா? நான் நின்ற இடங்களில் அது அடித்ததைவிட அடிக்காமல் போனதே அதிகம். மேலே இருப்பவரைத் தொட்டால் கவனமாக அடங்குகிற வாய், கீழே திரும்பும்போது கட்டில்லாமல் போகிறது. அதையும் சுதந்திரம் என்றுதான் சொல்லிக்கொண்டோம்.

சாதியும் இப்படித்தான். தப்பு இல்லாமல் காமன் இல்லை. ஆனால் தப்படிக்கிறவர்கள் எங்கே நிற்க வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும் என்பதில் பழைய தோட்டத்து வழக்கம் நிறைய இருந்தது. எந்த வேடம் யார் கட்டுவது என்பதும் பல இடங்களில் குடும்பப் பாத்தியதையாகவே நடந்தது. நிறுத்துகிற ஓசை அவர்கள் கையிலிருந்து வந்தது, நிறுத்தச் சொல்கிற அதிகாரம் வேறொருவரிடம் இருந்தது. இந்த இடைவெளியைப் பார்க்காமல் கூத்தைச் சமத்துவத்தின் மேடை என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இந்த ஏற்பாட்டுக்குள் இப்போது போன் வந்திருக்கிறது. கூத்து நடக்கும்போதே முகநூலில் நேரலை ஓடுகிறது. கொழும்பில் கடையில் நிற்கிற பையனும், கட்டாரிலும் துபாயிலும் வேலை செய்கிறவர்களும் தம் தோட்டத்துக் காமனைப் பார்க்கிறார்கள். அதன் சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் கோமாளியின் பேச்சுக்கு மூன்று வேலிகள் இருந்தன: மாசி மாதம், காமன் பொட்டல், முகத்தில் பூசிய அரிதாரம். காமனை எரித்ததும் அந்த வருஷத்துப் பேச்சும் முடிந்தது என்பது எல்லோரும் ஏற்ற நடைமுறை. நாற்பது விநாடி வீடியோவுக்கு இந்த மூன்றும் கிடையாது. சித்திரையில் யாரோ அனுப்புவார், ஆடியில் இன்னொருவர் அனுப்புவார். முன்னால் பாட்டும் இருக்காது, பின்னால் தப்பும் இருக்காது. கேலி செய்யப்பட்ட பெண்ணின் மகன் பள்ளிக்கூடத்தில் அதைப் பார்ப்பான்.

பெரிய அளவில் இது என்ன செய்யும் என்று மலைநாடு 2018 மார்ச்சில் கண்டது. கண்டி மாவட்டத்தில், திகனையில் தொடங்கி முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை பரவியபோது, அரசாங்கம் முகநூலையும் வாட்ஸ்அப்பையும் ஒரு வாரமளவுக்கு முடக்கியது. 2020 மேயில் முகநூல் நிறுவனம் அந்த வன்முறையில் தன் தளம் பயன்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டது. சிங்களம் படிக்கத் தெரிந்த ஆட்களைப் போதுமான அளவு வைக்காமல் சிங்களவர் எழுதுவதை எப்படி மட்டுறுத்துவது என்ற சாதாரணக் கேள்விக்கு அவ்வளவு பெரிய நிறுவனத்திடம் பதில் இல்லை. தப்பு இருந்தது, அடிக்க ஆள் இல்லை. பிறகு 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் போதும், 2022 ஏப்ரல் போராட்டத்தின் போதும் மறுபடி முடக்கினார்கள். வாத்தியாரின் வரிசையில் இது எந்தப் படி என்று பார்த்தால், ஒரு கோமாளிக்காகத் தோட்டத்தையே பூட்டுவதுதான்.

மொழி தெரியாதவர் கையில் கட்டுப்பாடு போனால் மறுபக்கமும் ஆபத்து. மன்னாரைச் சேர்ந்த ஆசிரியர் அஹ்னாப் ஜசீம் எழுதிய 'நவரசம்' கவிதைத் தொகுதியைக் காரணமாக வைத்து 2020 மேயில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது செய்தார்கள். கவிதைகள் வன்முறைக்கு எதிரானவை என்று தமிழில் வாசித்தவர்கள் சொன்னார்கள். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுவித்தது. ஒன்றரை வருஷச் சிறைக்குப் பிறகு கிடைத்த விடுதலையை யார் கொண்டாடுவது? அடுத்த மாதமே, 2024 ஜனவரியில், நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. எது பொய்யான கூற்று என்று பார்க்க ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு, அவர்களை நியமிப்பவர் ஜனாதிபதி. அந்த ஐவரைக் கேலி செய்ய எந்தப் பொட்டலும் இல்லை என்பதே என் முதல் ஆட்சேபம்.

சின்ன அளவிலும் அதே கேள்விதான். அட்டன் பக்கத்துக் கூத்து ஆர்வலர்கள் சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் குழுவில் நானும் இருக்கிறேன். பழைய பாட்டுகள், கொப்பிப் பக்கங்களின் படங்கள், எந்தத் தோட்டத்தில் எப்போது காமன் என்ற செய்தி, இவற்றுக்காகத் தொடங்கியது. சம்பளப் பேச்சு வந்தால் தொழிற்சங்கச் சண்டை வரும், ஆகவே அரசியல் வேண்டாம் என்று விதி. கூத்தே சம்பளத்தைக் கேலி செய்கிறபோது கூத்துக் குழுவில் சம்பளம் பேசக்கூடாது என்பது வேடிக்கை. ஆனால் விதியைவிட எனக்கு உறுத்தியது விரல். அட்மின் ஒருவருக்குப் பிடிக்காவிட்டால் ஒரு தட்டில் ஆளையே எடுத்துவிடலாம். தப்பு உரக்க அடிப்பதற்கும் அடுத்த பாட்டை எடுப்பதற்கும் அங்கே வழி இல்லை. முதல் படியே கடைசிப் படி. எடுக்கப்பட்டவர் தனியாக இன்னொரு குழு தொடங்குவார், அங்கே அவர் அட்மின். எரிந்த கட்சி ஒரு குழுவிலும் எரியாத கட்சி ஒரு குழுவிலும் இருந்துகொண்டு, யாரும் யாருக்கும் பதில் சொல்லாமல், அவரவர் பக்கத்துக்குக் கைதட்டிக்கொள்வார்கள். இங்கே வெளியேறுவது அவ்வளவு சுலபம். அதனால் பொறுத்துப் பேசுகிற பழக்கம் வளரவே இல்லை.

போன வருஷம் அந்தக் குழுவில் ஒரு வீடியோ சுற்றியது. கோமாளி ஒரு கொழுந்துப் பெண்ணைப் போல நடந்து காட்டுகிற வழக்கமான துண்டு. குழுவில் இருந்த சில பெண்களில் ஒருவர் குரல் பதிவு போட்டார். "அண்ணா, இதுல சிரிக்க என்ன இருக்கு? மலையில ஒருநாள் கூட நின்னு பாத்துட்டு நடிச்சுக் காட்டச் சொல்லுங்க" என்றார். அட்மின் அந்தக் குரல் பதிவை அழித்தார், வீடியோவை விட்டுவைத்தார். இரண்டு நாள் ஒரே ரகளை. கூத்தில் கைவைக்கக் கூடாது என்றார்கள் சிலர், அழித்ததுதான் பேச்சில் கைவைத்தது என்றார்கள் மற்றவர்கள். வயதான ஒரு வாத்தியார் மட்டும், கோமாளி பேசினால் பதில் பேச ஆள் வேண்டும், பதிலை அழித்தால் அது கூத்தில்லை என்று ஒரு வரி போட்டார். பெரிய ஆய்வுகளில் நான் தேடியது அந்த ஒரு வரியில் இருந்தது.

முடிவில் வீடியோவும் இருக்கட்டும், குரல் பதிவும் திரும்ப வரட்டும் என்று ஆனது. ஒருவரிடம் இருந்த அட்மின் பொறுப்பு மூவரிடம் போனது. ஆளை எடுக்க மூவரும் ஒத்துக்கொள்ள வேண்டும், எடுத்தாலும் அடுத்த மாசியில் திரும்பச் சேர்க்க வேண்டும். அட்மினைப் பற்றிய கேலியை எந்தக் காரணத்துக்கும் அழிக்கக்கூடாது. மூவரில் ஒருவர் அந்தக் குரல் பதிவு போட்ட பெண். இது எவ்வளவு நாள் தாங்கும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. அவர் பொறுப்பேற்றதும் முதலில் நிறுத்தியது கோமாளியை அல்ல. பழைய அட்மினின் மச்சான் தினமும் விடியற்காலையில் போடுகிற ரோஜாப்பூக் காலை வணக்கங்களை நிறுத்தினார். பேச்சுச் சுதந்திரம் பறிபோகிறது என்று அதற்குத்தான் இப்போது சண்டை நடக்கிறது.